சம்மாந்துறையில் பழைய 135க்குப் பாட்ஸ் எடுத்த கடை

எங்கட உழவு மெசின் மசி பெர்குசன் 135 டிராக்டர். அப்பா வாங்கினது. என்ஜின் பேர்கின்ஸ் ஏடி3.152, மூன்று சிலிண்டர். வெல்லாவெளியில் எங்கள் வட்டையை இன்றைக்கும் அதுதான் உழுகிறது. போன புரட்டாசியில், பெரும்போக உழவுக்கு இறக்க ஒரு கிழமை இருக்க, நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் ஓடுகிற உறையான லைனர் மூன்றும் தேய்ந்து போய்க் கிடந்தன.

அவசரத்தில் வேறொரு கடையில் "135 பிஸ்டன் செட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். மெக்கானிக் அண்ணன் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட்டார். பிஸ்டன் தலையில் கிண்ணம் இல்லை. பழைய 35 மெசினில் வந்த ஏ3.152 என்ஜினுக்கும் சிலிண்டர் துவாரத்தின் அகலம், அதாவது போர், இதே 91.44 மில்லிமீற்றர்தான்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஸ்ட்ரோக், இதே 127 மில்லிமீற்றர்தான். ஆனால் அதில் டீசல் எரியத் தொடங்குவது ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன அறையில். 135இல் இன்ஜெக்டர் டீசலை நேரே பிஸ்டன் மேலேயே அடிக்கும், அதற்குத்தான் அந்தக் கிண்ணம். துவாரத்துக்குள் இறங்குகிறது என்பதற்காகப் பூட்டியிருந்தால் என்ஜினைக் கெடுத்திருப்போம். வாங்கிய கடையில் திருப்பி எடுக்கவில்லை.

பிறகுதான் ஒருவர் சொல்லி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடி, கல்முனை வழியாகச் சம்மாந்துறைக்குப் போனேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே இரண்டு பேர் நிற்கத்தான் இடம், மற்றதெல்லாம் இரும்பும் எண்ணெய்க் கடதாசியும். கடைக்காரர் ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்ன வேணும் என்று கேட்கவில்லை, என்ஜின் நம்பரைக் கேட்டார்.

"135 என்டு சொன்னாக் காணா தம்பி. மெசின் ஒண்டு, என்ஜின் வேறொண்டாக் கிடக்கும். பம்புக்குப் பக்கத்துல புளொக்குல குத்தியிருக்கும், துடைச்சுப் பார்த்து எழுதிட்டு வாங்க."

அவர் சொன்னது சரி. ஐம்பது வருடத்தில் எத்தனை மெசினுக்கு எத்தனை என்ஜின் மாறியிருக்கும்! அடுத்த நாள் நம்பரோடு பழைய லைனர், பிஸ்டன் இரண்டையும் கொண்டுபோனேன். வேர்னியர் அளவுகோலை எடுத்து, லைனரின் வெளிச்சுற்றையும் விளிம்பையும் அளந்துவிட்டு, "இறக்கின பிறகு லேத்துல போர் பண்ற லைனரா, பண்ணாம அப்படியே பூட்டுற லைனரா வேணும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை வேறு எந்தக் கடையிலும் என்னிடம் கேட்டதில்லை.

செட் கையில் இருக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பித்தார், ஒன்பது நாள் போனது. உழவு பிந்தியது, அது எனக்கு நட்டம்தான். விலையும் நான் தொலைபேசியில் கேட்டதைவிட இரண்டாயிரம் கூட. வந்தது இந்தியப் பாட்ஸ். அதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள், 1960இல் தொடங்கிய சென்னை டஃபே மசி பெர்குசனோடு சேர்ந்து இந்த மெசின்களைச் செய்த கம்பனி என்பதை நினைக்க வேண்டும். பிஸ்டன் தலையில் கிண்ணம் இருந்தது. எடை பார்த்தோம், மூன்றும் ஒத்துப்போயின.

என்ஜின் எண்ணெய் கிளச் பக்கம் ஒழுகாமல் தடுக்கிற, கிராங்கின் பின்பக்கச் சீலுக்குத்தான் அவருக்கு நான் பெரிய நன்றி சொல்ல வேண்டும். என் என்ஜினில் இருப்பது பழைய கயிற்றுச் சீல். இறப்பர் சீல் தந்து அனுப்பியிருக்கலாம், நானும் வாங்கியிருப்பேன். "இது உங்கட என்ஜினுக்கு வரா" என்று சொல்லி, ஒரு தகரப் பேணியிலிருந்து கயிற்றை எடுத்துத் தந்தார். கிறீஸ் பூசி, சீல் பூட்டுகிற கூட்டின் இரண்டு பாதியிலும் அழுத்தும்போது நுனி அரை மில்லிமீற்றருக்கு உள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மட்டமாக வெட்டினால் பிறகு எண்ணெய் ஒழுகும் என்று காட்டியும் தந்தார். பூட்டி இரண்டு போகம் முடிந்துவிட்டது. கிளச் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

இன்ஜெக்டர் பம்ப் வேலை அவரிடம் இல்லை. பழைய இன்ஜெக்டர் வைத்திருக்கிறார், ஆனால் சோதித்துப் பார்க்கிற மெசின் இல்லாமல் விற்கிறார். அதை நான் வாங்கவில்லை, நீங்களும் வாங்க வேண்டாம். பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவார், காலையிலேயே போங்கள். பழைய பாட்ஸைக் கழுவித் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள். அளந்து பார்க்காமல் அவர் எதையும் தர மாட்டார்.