பாதுகாப்பு ஒப்புதல் ஃபார்மோடு 9 வருடம்: ஒரு சின்க்ரோட்ரான் பயனரின் அனுபவம்

சின்க்ரோட்ரான் என்பது மிக வலுவான எக்ஸ் கதிரை உண்டாக்கும் பெரிய ஆய்வுக்கூடம். அங்கே மூன்று நாள் பீம்டைம், அதாவது அந்தக் கதிரைப் பயன்படுத்தும் நேரம், தருகிறோம் என்று கடிதம் வந்தால் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். டிக்கெட், விசா, சாம்பிள் என்று ஓடுவோம். பாதுகாப்பு ஒப்புதல் ஃபார்ம் மட்டும் கடைசிக்குத் தள்ளப்படும். அது தப்பு என்று எனக்குப் புரியவே மூன்று வருடம் ஆனது.

ஃபார்மின் பெயர் சின்க்ரோட்ரானுக்குச் சின்க்ரோட்ரான் மாறும். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள இ.எஸ்.ஆர்.எஃப்.-இல் ஏ-ஃபார்ம், இங்கிலாந்தின் டயமண்டில் ஈ.ஆர்.ஏ., அமெரிக்காவின் ஆர்கோனில் ஈசாஃப். கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: என்ன கொண்டு வருகிறீர்கள், எவ்வளவு, அதை என்ன செய்வீர்கள், முடிந்த பிறகு அது எங்கே போகும்.

நான் நிக்கல் வினையூக்கிகளில் வேலை செய்கிறேன். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் கேப்பிலரி என்ற மெல்லிய குழாய்க்குள் சில மில்லிகிராம் தூள், அதன் வழியே வாயு, கீழிருந்து சூடான காற்று, குறுக்கே எக்ஸ் கதிர். இத்தனை சின்ன அளவில் என்ன ஆபத்து வந்துவிடும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

முதல் ஃபார்மில் "5 சதவீத ஹைட்ரஜன்" என்று மட்டும் எழுதினேன். மீதி 95 சதவீதம் என்ன வாயு என்று கேள்வி வந்தது. ஆர்கான் என்றேன். நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தால் அந்தக் கலவை காற்றில் தீப்பற்றாது. ஆர்கானுக்கு வெப்பத்தை உள்வாங்கும் திறன் குறைவு என்பதால் தீப்பற்றாத அந்த எல்லை சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிலிண்டரை நைட்ரஜன் கலவைக்கு மாற்றினோம். சோதனைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மூன்றாவது வருடம் கார்பன் மோனாக்சைடு. விஷவாயு, டிடெக்டர் உண்டு, வெளியேற்றும் குழாய் உண்டு என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பாதுகாப்பு அதிகாரி போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: சோதனை முடிந்து குளிர வைக்கும்போது எந்த வாயு ஓடும்? அதே வாயுதான் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. உலோக நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் 50, 60 டிகிரியில் சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் உண்டாகும். 1890-இல் லுட்விக் மோண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட வினை. நிக்கலைச் சுத்தப்படுத்தும் மோண்ட் முறையே அதுதான். நிக்கல் கார்பனைல் 43 டிகிரியில் கொதிக்கும் திரவம், காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே ஆபத்து. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது, என் கேப்பிலரிக்குள் நடக்கும் என்று தோன்றவே இல்லை.

அன்றைக்குச் சோதனையின் திட்டத்தையே மாற்றினேன். 250 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் கார்பன் மோனாக்சைடு. குளிர வைக்கும் முன் அதை மூடி, ஹீலியம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஹீட்டர் நின்றுபோனால் வால்வு தானாக மூட வேண்டும். அப்புறம் ஒரு பழக்கம் வந்தது: எந்த நிமிடத்தில் எந்த வாயு, எத்தனை டிகிரி என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டுத்தான் ஃபார்மையே திறப்பேன். மாணவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். சோதனையில் உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பயன்படுத்திய சாம்பிள். ஹைட்ரஜனில் ஒடுக்கிய (ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்கிய) நிக்கல் தூள் காற்றுப் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கேப்பிலரியின் இரு முனைகளையும் அடைத்துத் திரும்பக் கொண்டுபோவோம் என்று எழுதினால் மட்டும் போதாது, எதை வைத்து அடைப்பீர்கள் என்றும் எழுதுங்கள். நாமே தயாரித்த சாம்பிளுக்குப் பாதுகாப்பு டேட்டா ஷீட் (ஒரு வேதிப்பொருளின் ஆபத்துகளைச் சொல்லும் தாள்) இருக்காது; அதில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இணைக்க வேண்டும். ஷீட்டின் 16 பகுதிகளில் 2, 10, 14 மூன்றையும் கட்டாயம் படித்துவிடுங்கள்: அபாயம், எதோடு வினைபுரியும், எப்படி அனுப்புவது.

குறை இல்லாமல் இல்லை. ஓர் இடத்தின் இணையப் படிவம் பாதியில் வெளியே தள்ளிவிடும். இரண்டு மணி நேர வேலை போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் முதலில் தனிக் கோப்பில் எழுதிக்கொள்கிறேன். ஒரு சாம்பிளைச் சேர்த்தாலே ஒப்புதல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒருமுறை என் மாணவர் ஃபார்மில் சொல்லாத இரண்டு கோபால்ட் சாம்பிள்களைப் பையில் எடுத்து வந்துவிட்டார். இரவு 11 மணி, பீம் ஓடிக்கொண்டிருக்கிறது, பீம்லைன் (கதிர் வந்து சேரும் சோதனை நிலையம்) பொறுப்பாளர் முடியாது என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பக்கத்து ஹட்சில் (கதிர் வெளியே வராதபடி அடைத்த சோதனை அறையில்) வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாதே.

அடுத்த பீம்டைமுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஃபார்ம் போன வாரமே போய்விட்டது. ஒரு கேள்வி திரும்பி வந்திருக்கிறது: ஹீட்டர் நின்றால் வால்வு மூட எத்தனை விநாடி ஆகும்? சரியான கேள்வி. இன்று மாலை லேபில் ஹீட்டரை நிறுத்திப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் அளந்து பதில் எழுத வேண்டும்.