எங்கள் ஃபிளாட்டில் நடந்த பட்ஜெட் வாக்கெடுப்பு: 4/5

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் எதற்கு முதலிடம் என்று போன மாதம் எங்கள் ஃபிளாட் மண்டபத்தில் குடியிருப்பாளர்களிடமே கேட்டார்கள். ஆளுக்கு ஐந்து காகித நோட்டு, அதுதான் ஓட்டு. லிஃப்ட், வடிகால், திடல், படிக்கட்டு விளக்கு என்று நான்கு பெட்டிகள். அம்மாவுக்கு முட்டிவலி, வீடு ஒன்பதாம் மாடியில். என் நோட்டெல்லாம் லிஃப்ட்டுக்கே. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) ரொம்ப நேரம் யோசித்து, பேரனுக்காகத் திடலுக்கு இரண்டு, மீதியை விளக்குக்குப் போட்டார். கடைசியில் விளக்குதான் ஜெயித்தது. சரி, இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு அது வேண்டியதுதான்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் 2012-இலேயே, இப்படி மக்களைக் கேட்டு பட்ஜெட் போடும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. நாட்டில் 1965-இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. வருடம் இரண்டு தடவை உள்ளாட்சி மன்றத்துக்கு வீட்டு மதிப்பீட்டு வரி கட்டுகிற நமக்கு, அதனால் இந்தப் பெட்டி பெரிய விஷயம்.

ஆனால் வேலை நாளில் மதியம் 3 மணிக்கு வைத்தால் ஃபேக்டரி ஆட்கள் எப்படி வருவார்கள்? தமிழில் விளக்கத்தாளும் இல்லை. பாட்டிகளுக்கு நான்தான் மலாயைப் படித்துச் சொன்னேன். அடுத்த முறை ஞாயிறு காலை வையுங்கள், அம்மாவையும் அழைத்து வருகிறேன்.