இரண்டு பார்வர்டை நம்பி ஆடுவதா, கோலைப் பிரித்து அடிப்பதா? செட்டிநாட்டுச் சரளைத் தரைக்கு ஓர் ஒப்பீடு

சீசனுக்கு முன்பு எங்கள் ஹாக்கி அணியில் எழுந்த கேள்விதான் இது. நன்றாகக் கோல் போடும் இரண்டு பார்வர்டுகளை, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர்களைச், சுற்றியே ஆட்டத்தை அமைப்பதா, கோல் அடிக்கும் வேலையை ஐந்தாறு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதா? இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

முதல் வழியில் நியாயம் இல்லாமல் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண் பொட்டலில் நீளப் பாஸ் நேராகப் போய்ச் சேராது. சரளையில் பட்டுத் துள்ளும். பந்தைக் காலடியிலேயே வைத்து ஓடத் தெரிந்தவன் கைதான் ஓங்கும். மாலையில் கிடைக்கும் கொஞ்ச நேரப் பயிற்சிக்கும் இது எளிது. ஒரே நாளில் முடியும் நாக்அவுட் போட்டிக்கு இதுவே போதும்.

சிக்கல் எதிரணி புரிந்துகொண்டதும் தொடங்குகிறது. முதல் குவார்ட்டர் முடிவதற்குள் அந்த இருவருக்கும் ஆளுக்கொருவரைக் காவல் போட்டுவிடுவார்கள். பந்து வராததால் பார்வர்டு அதைத் தேடி எதிரணிப் பக்கத்து 23 மீட்டர் கோட்டுக்கும் கீழே இறங்குவான். அவன் இறங்கியதும் ‘டி’க்குள் (கோலுக்கு முன்னாலுள்ள, கோல் அடிக்க வேண்டிய அரைவட்டம்) நம் ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். நடுக்கள ஆட்டக்காரர்களோ தலை நிமிர்ந்ததும் அவனையே தேடிப் பழகியவர்கள். ஆளில்லாத இடது பக்கம் அவர்கள் கண்ணில் படாது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஆள் மாற்றும் விதி. ஹாக்கியில் எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பெனால்டி கார்னர் (தற்காப்பு அணியின் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பு: ஒருவர் கோல் பக்கக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ள, ‘டி’க்கு வெளியே ஒருவர் நிறுத்த, இன்னொருவர் கோலுக்கு அடிப்பார்) கொடுத்துவிட்டால் மட்டும் அது முடியும்வரை மாற்ற முடியாது. தற்காப்பு அணியின் கோல்கீப்பர் காயப்பட்டாலோ வெளியேற்றப்பட்டாலோதான் விலக்கு. சித்திரை வெயிலில் முழு வேகத்தில் ஓடும் பார்வர்டு ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடித்தாக வேண்டும். அவனே கார்னர் அடிப்பவனாகவும் இருந்தால் என்ன ஆகும்? அவன் பெஞ்சில் இருக்கும் நேரத்தில் கார்னர் கிடைக்கும். உள்ளே இருப்பவர் யாரும் அதற்குப் பழகியிருக்க மாட்டார். அதற்குப் பயந்து அவனை வெளியே எடுக்காமல் விட்டால் நான்காவது குவார்ட்டரில் கால் நகராது. பச்சை அட்டை வாங்கினால் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம் என்று இழப்பு இன்னும் கூடும்.

அதனால் கார்னருக்கு இரண்டு செட் வேண்டும்: தள்ளிவிட இருவர், நிறுத்த இருவர், அடிக்க இருவர். அடிப்பவர்களில் ஒருவராவது தற்காப்பு ஆளாக இருக்கட்டும். அவர்கள் பார்வர்டு அளவுக்கு அடிக்கடி வெளியே வருவதில்லை. இரு ஹிட்டர்களையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கவே கூடாது.

சரளைத் தரையில் கார்னர் வீணாவது பெரும்பாலும் பந்தை நிறுத்தும் இடத்தில்தான். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கோலின் எந்தப் பக்கத்திலிருந்தும் பந்தைத் தள்ளலாம். ஆகவே ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் நடந்து, தரை எது சமமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பந்து ‘டி’யை விட்டு வெளியே வந்த பிறகே கோலுக்கு அடிக்க முடியும் என்பதால், ‘டி’க்கு வெளியே நிறுத்தப்போகும் இடத்தில் கல்லைக் காலால் ஒதுக்கிவிடுங்கள். நிறுத்துபவர் நன்றாகக் குனிந்து மட்டையைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். நிற்கவைத்த மட்டையைத் துள்ளும் பந்து தாண்டிவிடும்.

இந்தத் தரையில் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையோடு இழுத்து வந்து எறிவது) சரியாக வருவது அபூர்வம். ஹிட்தான், அதாவது மட்டையை வீசி அடிப்பதுதான், வழி. கார்னரில் கோலுக்கான முதல் அடி ஹிட் என்றால், பந்து கோல் கோட்டை 460 மில்லிமீட்டருக்கு, அதாவது கோல் பலகையின் உயரத்துக்கு, மேலாகத் தாண்டக் கூடாது. கோல்கீப்பர் அது தெரிந்து படுத்தே தடுப்பார். திரும்பி வரும் பந்துக்கு இரண்டு கம்பத்துப் பக்கமும் ஆளுக்கொருவரை ஓடவிடுங்கள். அந்த இருவரும் கோல் அடிப்பவர்கள் பட்டியலில் சேர வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தியா 1-3 என்று பின்தங்கி, ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் எடுத்தது. அந்த ஐந்து கோலை அடித்தவர்கள் நால்வர். இரண்டு கோல் அடித்த சிம்ரன்ஜீத் சிங் மாற்று வீரராகப் போனவர். ஹர்திக் சிங்கின் கோல் கார்னரில் திரும்பி வந்த பந்தில் விழுந்தது. 2024 பாரிஸ் வெண்கலத்தின் கணக்கு நேர்மாறு. அணியின் 15 கோலில் 10 ஹர்மன்பிரீத் சிங் ஒருவருடையது. அவர் பார்வர்டு இல்லை, தற்காப்பு வீரர் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். ஆனாலும் அதுவும் ஒற்றை ஆள் சார்புதான். அவர் அளவுக்கு ஃபிளிக்கர் இல்லாத ஊர் அணி அதைப் பின்பற்ற முடியாது.

கோவில்பட்டி, மதுரை செயற்கைப் புல்லில் என் வாதம் இதே அளவுக்கு நிற்குமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகும். வேகமான பார்வர்டின் மதிப்பு கூடும். நிறுத்துவதும் எளிது, ஃபிளிக்கும் வரும். அங்கே போகும் அணி இரண்டாவது ஹிட்டருக்கு மட்டுமாவது ஃபிளிக் பழக்கிவிட்டுப் போவது நல்லது.

பிரித்து ஆடுவதில் ஒரு செலவு உண்டு: பலன் தெரிய நாளாகும். முதல் சில ஆட்டங்களில் கோல் குறையும், பார்வர்டுகளும் முகம் சுளிப்பார்கள். அப்போது பழைய முறைக்குத் திரும்பாமல், கார்னர் பயிற்சியைத் தினமும் முதல் வேலையாக வையுங்கள். முப்பது தடவை தள்ளி, குறைந்தது இருபது தடவை பந்து சுத்தமாக நிற்கும்வரை ஹிட் அடிக்கவே விடாதீர்கள்.