விளையாட்டுப் போட்டியா, கலை இரவா? தனியார் பள்ளிப் பெற்றோர் ஒருவரின் கணக்கு

தனியார் பள்ளியின் மாதக் கட்டணத்தைச் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். அதில் அடங்காமல் ஆண்டு முழுவதும் வரிசைகட்டி வரும் விழாக்களைப் பற்றித்தான் யாரும் மூச்சு விடுவதில்லை. கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி சிறியது, ஆசிரியர்களும் குறைவு. விளையாட்டுப் போட்டி, கலை இரவு இரண்டையும் ஒரே ஆண்டில் பெரிதாக நடத்த முடியவில்லை, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று நிர்வாகம் பெற்றோரைக் கேட்டது. நான் விளையாட்டுப் போட்டிக்குக் கை தூக்கினேன். என் மனைவி தூக்கவில்லை. அந்த வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை என்பதால் என் தரப்பை எழுதிவைக்கிறேன்.

மற்ற விழாக்களில் சிக்கல் இல்லை. ஆசிரியர் தினம் மே 16, அதை யாரும் நகர்த்த முடியாது. 1956இல் அதே நாளில்தான் நாட்டின் கல்வி பற்றிய ரசாக் அறிக்கையின் பரிந்துரைகளைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. தேசிய மாதம் ஆகஸ்டில் கொடியோடு வந்து செப்டம்பர் 16, மலேசியா தினத்தோடு முடிகிறது. கேண்டீன் தினத்தில் கூப்பன் விற்றுக் காசு சேர்க்கிறார்கள். பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி எல்லாம் வகுப்பறை அளவிலேயே அழகாக முடிந்துவிடுகின்றன. செலவும் உழைப்பும் கேட்பவை மேலே சொன்ன இரண்டுதான்.

ஓடினால் உடம்புக்கு நல்லது, மேடை ஏறினால் கூச்சம் போகும் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் கலை இரவுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். வானிலையைப் பொறுத்தவரை அதற்குத்தான் முழு மதிப்பெண். மண்டபத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கெடாவில் ஆண்டுத் தொடக்கம் காய்ந்து கிடக்கும். தொடர்ந்து மூன்று நாள் 35 பாகைக்கு மேல் போனாலே வானிலை ஆய்வுத்துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. அந்த வெயிலில் பிள்ளைகளைத் திடலில் நிறுத்த எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது. வெயில் தணிந்தால் மழை, மழை ஓய்ந்தால் சில ஆண்டுகளில் புகைமூட்டம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவிட வேண்டும். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். திடலுக்குக் கோடு போட்டு, கூடாரம் வாடகைக்கு எடுத்து, கோப்பைக்குப் பெயர் பொறித்த பிறகு இப்படி நடந்தால் பணமும் போயிற்று, பிள்ளைகள் முகமும் வாடிப்போயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஒரே மேடையில் சிங்க நடனம், மலாய் நடனமான சாப்பின், கோலாட்டம் மூன்றையும் பிள்ளைகள் இனம் கலந்து ஆடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சீனப் பிள்ளை கோலாட்டக் கோலைத் தட்டும்போது முன்வரிசையில் அதன் பாட்டி கைப்பேசியோடு எழுந்து நின்று பின்னால் இருப்பவர்களுக்கு எல்லாம் மறைப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டு ஏன் மறுபக்கம் போனேன் என்றால், காரணம் உடை. சிரிக்க வேண்டாம். பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

கலை இரவு என்றால் ஒவ்வோர் ஆண்டும் புதுக் கருப்பொருள். ஓர் ஆண்டு கடல், அடுத்த ஆண்டு வானவில், அதற்கடுத்து உலக நாடுகள். கடலுக்கு வாங்கிய மீன் உடை வானவில்லுக்கு ஆகாது. வாடகைக்கு எடுக்கலாம் என்று சுங்கை பட்டாணிக்குப் போனால், அதே வாரத்தில் சுற்றுவட்டாரப் பாலர் பள்ளிகளின் பட்டமளிப்பு விழாவும் இருக்கும். நல்ல அளவெல்லாம் போய்விட்டிருக்கும், மிஞ்சியதைக் குண்டூசி குத்திச் சரிசெய்ய வேண்டும். தைக்கக் கொடுத்தாலோ, துணி பளபளவென்று இருக்குமே தவிர வியர்வையை இழுக்காது. மேடையில் நான்கு நிமிடம் ஆடிவிட்டு இறங்கும் பிள்ளையின் கழுத்தைச் சுற்றி சிவப்புக் கோடு விழுந்திருக்கும். சமிக்கி வைத்துத் தைத்த இடம் உராய்ந்த கோடு அது. துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் சமிக்கி உதிர்ந்து அடுத்த முறை துவைக்கும் பள்ளிச் சீருடையில் ஒட்டிக்கொண்டு வரும். கையால் அலசி, நிழலில் காயப்போட்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தால் அது அங்கேயே குடியிருந்துவிடும்.

விற்கலாமே என்பீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதி விலைக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு இலவசம் என்றும் போட்டேன். கட்டைவிரல் குறி மட்டும் நிறைய வந்தது. பழைய கருப்பொருளின் உடையை வாங்கி யார் என்ன செய்வது? எங்கள் அலமாரியிலிருந்து உருப்படியாகப் பயன்பட்டது ஒன்றே ஒன்று, சாப்பின் ஆட வாங்கிய மலாய் உடையான பாஜு மெலாயுவும் இடுப்பில் கட்டும் சம்பினும். தேசிய தின அணிவகுப்புக்கு அது போனது, பக்கத்து வீட்டுப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்கும் போனது, கை குட்டையாகும்வரை போய்க்கொண்டே இருந்தது. பட்டுப் பாவாடையும் அந்த வகைதான், கோயில் திருவிழாவுக்கு ஆகும். மீனும் நட்சத்திரமும் வேறு எங்கும் ஆகா.

இப்போது விளையாட்டுப் போட்டியின் உடையைப் பாருங்கள். பள்ளியில் பிள்ளை சேர்ந்திருக்கும் அணியை இல்லம் என்பார்கள்; அந்த இல்லத்தின் நிறத்தில் ஒரு டீ-சட்டை, அவ்வளவுதான். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நிறம் மாறுவதே இல்லை. போட்டி முடிந்த பிறகும் உடற்கல்வி நாளில் அதையேதான் போட்டுக்கொண்டு போகிறார்கள். எங்கள் பள்ளியில் உடன்பிறந்தவர்களை ஒரே இல்லத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். ஆகவே அக்காவுக்குச் சிறிதானது தம்பிக்கு இறங்குகிறது. தம்பிக்கும் சிறிதானால் அதே இல்லத்துப் பிள்ளை வீட்டுக்குப் போகிறது, கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டுப் பச்சைச் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டையில் ஏற்கெனவே இரண்டு பெயர்களை அடித்துவிட்டு என் மகன் பெயரை எழுதியிருக்கிறோம். சாயம் போய் வெண்டைக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது, இன்னும் கிழியவில்லை. காலணி ஏற்கெனவே பள்ளிக்குப் போடுவதுதான். தனியாகச் செலவு என்றால் அணிவகுப்புக்கு ஆளுக்கொரு துண்டு வண்ணக் காகிதமும், தண்ணீர்ப் போத்தலும்.

ஒத்திகையிலும் இதே வேறுபாடுதான். நடனத்துக்குப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். ஓட்டத்துக்கோ பயிற்சியே விளையாட்டு. குறுக்கோட்டத்துக்குச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வந்த நாளில் என் மகன் சாப்பிடும் சோற்றின் அளவே வேறு.

தேதிப் பொருத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பினாங்குக் கணக்குப்படி சனியும் ஞாயிறும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். கலை இரவை சனி இரவில் வைத்தால் முடிய நேரமாகும். சிறு ரப்பர் தோட்டத்தில் இன்னும் பால் வெட்டப் போகும் என் மாமனாருக்கு விடியுமுன் எழ வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே கலை இரவில் அவர் பாதியிலேயே உறங்கிவிடுவார். சனி காலைப் போட்டிக்கு வர வேண்டுமென்றால் அவருக்கு ஒரு நாள் பால் நட்டம், அதுவும் உண்மைதான். முதல்நாள் இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டப் போகமாட்டார், வந்துவிடுவார். ஆனால் அன்று திடல் சேறாகியிருக்கும். இதற்கு என்னிடம் தீர்வில்லை.

வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பெண்பிள்ளைகள் ஓடத் தொடங்கியதும் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது பெற்றவர் அவர். அதே ஆண்டு வீரருக்கான விருது மணி ஜெகதீசனுக்கு. இருவர் கதையையும் கூடாரத்தில் இருக்கும் எல்லாரும் கேட்டாக வேண்டும். நடுவில் மைலோ லாரி வந்து சிறு காகிதக் கோப்பையில் குளிர்ந்த மைலோ ஊற்றும்போதுதான் பேச்சு நிற்கும். எத்தனை முறை வீட்டில் கலக்கினாலும் அந்த ருசி வருவதில்லை, ஏனென்று யாராவது சொல்லுங்கள்.

என் வாதம் எங்கே மெலிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியில் இருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் பதினைந்து வயதுப் பிள்ளைகளே நாடகம் எழுதி, ஒளி அமைத்து, தாங்களே நடத்தும் கலை இரவுகள் வேறு தரத்தில் இருக்கும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஓட முடியாத பிள்ளை, ஓடினால் கடைசியில் வரும் பிள்ளை, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை ஆகியோருக்குத் திடல் எவ்வளவு நீளமான இடம் என்பதை நன்றாக ஓடும் பிள்ளையைப் பெற்றவன் எடைபோடுவது சரியாக இருக்காது. என் மனைவி கை தூக்காததற்குக் காரணமும் அதுதான். எங்கள் மகள் பாடுவாள், ஓட மாட்டாள்.

வாக்கெடுப்பில் விளையாட்டுப் போட்டிதான் வென்றது. கூட்டத்தில் மனைவி வைத்த கோரிக்கையையும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. கேண்டீன் தினத்தில் ஒரு மணி நேரம் மேடை உண்டு, பாடவோ ஆடவோ விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், கருப்பொருள் கிடையாது, உடை வீட்டில் இருப்பது. மகள் பெயர் கொடுத்துவிட்டாள். மீன் உடையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். அளவு பத்தாது.