இரண்டு 23-ஆம் நம்பர்: குளச்சல் பக்கம் ஒரு இலவச பல் முகாம்

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில் ஸ்கேலிங்குக்கு, அதாவது பல்லில் படிந்த காரையை எடுக்க, என்னிடம் 1,200 ரூபாய் வாங்கினார்கள், பத்து நிமிடத்தில் எழுப்பியும் விட்டார்கள். அதே வேலையை குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் பங்கு மண்டபத்தில் அம்மாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து, காசில்லாமல், பொறுமையாகச் செய்து அனுப்பினார்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மிச்சம் ஒன்று எங்கே போனது என்று கீழே வருகிறது.

முதலில் ஒன்று. மேற்பார்வைக்கு ஒரு பல் டாக்டர் இருந்தார், ஆனால் முகாமை நடத்துவது அவரில்லை, ஹைஜீனிஸ்டுகள், அதாவது பல் சுத்தம் செய்யப் படித்தவர்கள். கிளினிக்கில் நாம் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு முகம்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆட்கள். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் டிப்ளமோ படித்தவர்கள். 1948-இல் வந்த பல் மருத்துவர் சட்டத்திலேயே இவர்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

காலை எட்டரைக்குப் போனோம். அம்மாவுக்கு 23-ஆம் நம்பர். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கும் 23. என்னடா இது என்று பார்த்தால், முன்வாசலில் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் நம்பர் கொடுக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள், பின்வாசலில் மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் இன்னொரு நோட்டு. ஒருவர் நோட்டை இன்னொருவர் மதிக்கவில்லை. சத்தம் கூடியது, கூட்டத்தில் ஒருவர் “ரெண்டு கல்யாணமா நடக்கு இங்க?” என்று கேட்டே விட்டார்.

அப்போதுதான் முகாமைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வந்தார். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாற்பத்தைந்து வயது இருக்கும். யாரையும் திட்டவில்லை. இரண்டு நோட்டையும் வாங்கி ஒரே மேசையில் வைத்து, இதில் ஒருத்தர் அதில் ஒருத்தர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடச் சொன்னார், நோட்டு போட்ட இரண்டு பெண்களையும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். மதியம் பார்க்கும்போது இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

பல் மிஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் சூடாகி நின்றுபோன இடைவேளையில் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்த ஹைஜீனிஸ்டுகள் முகாம் நடத்தவென்று சேரவில்லையாம். ஒரு பெண்ணுக்குப் பிரசவம், நீண்ட லீவு கேட்டால் வேலை போய்விடும் என்ற நிலைமை, மற்ற கிளினிக்குகளில் இருந்தவர்கள் தங்கள் வார லீவில் மாறி மாறிப் போய் அவள் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. அப்புறம் அமெரிக்கக் கதைக்குப் போய்விட்டார்: 1906-இல் ஃபோன்ஸ் என்ற டாக்டர் தன் உதவியாளர் ஐரின் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தது, 1913-இல் பள்ளிக்கூடம் தொடங்கியது, 1923-இல் அங்கே ஹைஜீனிஸ்டுகளுக்குச் சங்கமே வந்துவிட்டது. “பத்து வருசத்துல சங்கம் வச்சிட்டாங்க. நாங்க ரெண்டு நோட்ட வச்சிட்டு நிக்கோம்” என்று சிரித்தார்.

சரி, வேலைக்கு வருவோம். அம்மா முப்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர். கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று எங்கள் தெருவே நம்புகிறது, அம்மா அதில் முதல் ஆள். அம்மாவுக்குப் பல் பார்த்த ஹைஜீனிஸ்ட் பெண் முதலில் சுகர், பிரஷர், ரத்தம் இளக்க மாத்திரை, நெஞ்சில் பேஸ்மேக்கர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கருவிகள் இருந்த ஒட்டிய உறையை அம்மா கண் முன்னால்தான் கிழித்தார், ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் நீராவிப் பெட்டியின் சூட்டில் அதன் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருப்பதையும் காட்டினார். என்னிடம் காசு வாங்கிய இடத்தில் யாரும் இதைக் காட்டியதில்லை.

கீழ்வரிசை முன்பல்லுக்குப் பின்னால்தான் நேரம் எடுத்தது. மிஷினில் தண்ணீர் பீய்ச்சி உடைத்தார், விடாததைக் கைக்கருவியால் சுரண்டினார், ட்ரேயில் விழுந்த காரை பழுப்பும் கறுப்புமாக உடைந்த சிப்பித்துண்டு மாதிரி இருந்தது. முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்த அம்மா பதறிவிட்டார், பல்லுக்குப் பல் இடைவெளி! “பயப்படாண்டாம்மா, பல்லு தேயல. காரை அடைச்சிட்டு இருந்த இடம் அது. அது இருந்தாத்தான் ஈறு கரைஞ்சி பல்லு ஆடும்” என்றார் அந்தப் பெண். அம்மா நம்பியதற்குக் காரணம் அந்த விளக்கமா, அவர் அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு பேசிய விதமா, தெரியவில்லை. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் எடுக்க வேண்டியது. அரசு ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். எல்லாமே அக்கா தலையில் இருக்கிறது. யார் எந்த நாற்காலி, கருவிகளை யார் கழுவுவது, கம்ப்ரசர்காரர் நம்பர், மதியச் சாப்பாடு எல்லாம் அவர் போனுக்குள். பதினொரு மணிக்கு அவர் கரண்ட் பிரச்சினைக்காக வெளியே போன இருபது நிமிடமும் மூன்று நாற்காலி சும்மா கிடந்தது, அடுத்த ஆளைக் கூப்பிடக்கூட யாருக்கும் தைரியம் இல்லை. இரண்டாவதாக ஒருவரை அவர் இப்போதே பழக்க வேண்டும். நோட்டு போட்டுச் சண்டை பிடித்த அந்த இரண்டு பெண்களில் ஒருவரே போதும், இருவருக்கும் குரல் இருக்கிறது.

போகிறவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். கடைசியில் ஒரு பிரஷ் இலவசமாகத் தருகிறார்கள், யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, மீடியம். சாஃப்ட் பிரஷ்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதை நீட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அது இப்போது அப்பாவின் சைக்கிள் செயின் துடைக்கிறது.