பழைய 407, புது ஃபீட் பம்பு, மூன்றாம் சிலிண்டர் சத்தம்

என்னிடம் இருப்பது 1998 மாடல் டாடா 407 லோடு வண்டி. 2009-இல் இரண்டாவது ஓனராக வாங்கினேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மளிகைச் சாமான், உரமூட்டை ஏற்றிப் போவேன். இறங்கும்போது மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட்டோ உருளைக்கிழங்கோ கிடைக்கும், சீசனில் மலைப்பூண்டு. பூண்டு என்றால் வண்டி நேராக வடுகபட்டிச் சந்தைக்குத்தான். வாரத்தில் மூன்று நாளாவது மலை ஏறி இறங்கும் வண்டி இது.

407 சந்தைக்கு வந்தது 1986-இல். என் வண்டியில் இருப்பது 497 எஞ்சின். பேரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்). மொத்தம் 2956 சி.சி. டர்போ கிடையாது. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பழுது வந்தால் காதாலும் கையாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வண்டிக்கு ஃபீட் பம்பு, அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்பு, மாற்றினேன். மறுநாளே ஒரு சத்தம் கிளம்பி, எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிற இடம் வரை போய்த் திரும்பினேன். பழைய 407 வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் முழுசாக எழுதுகிறேன்.

முதல் அறிகுறி மலையில்தான் தெரிந்தது. லோடோடு ஏறும்போது டம்டம் பாறை தாண்டியதும் வண்டி தளர ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் மிதித்தாலும் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்திழுப்பது போல இருக்கும். ஓரம் கட்டி பத்து நிமிடம் நின்று எடுத்தால் அடுத்த ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு வரை நன்றாகப் போகும், அப்புறம் மறுபடி அதே கதை. சமவெளியில் எந்தக் குறையும் இல்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று மாற்றினேன். இரண்டு நாள் பரவாயில்லை போல இருந்தது, மூன்றாம் நாள் ஊத்து தாண்டியதும் நின்றேவிட்டது.

இப்படி வரும்போது பலரும் முதலில், சிலிண்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய டீசல் பம்பில் கை வைக்கிறார்கள். செய்யாதீர்கள். டேங்கிலிருந்து வரிசையாகப் பார்த்து வாருங்கள். நான் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்து ஏறிப் பார்த்தேன், ஏனென்றால் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் டீசல் வராது. மாற்றமில்லை. ஃபீட் பம்பு வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிக் கழுவினேன். கொஞ்சம் கறுப்பு வழவழப்பு இருந்தது, ஆனால் அதுவும் காரணமில்லை. டேங்க் பைப்புக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் டியூப் போட்டு ஓட விட்டுப் பார்த்தேன். குமிழி ஒன்றுகூட இல்லை, அதனால் காற்று இழுக்கவில்லை. கடைசியாக ஃபீட் பம்பு வெளிவாய் பைப்பைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, மகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். டீசல் துடித்துத் துடித்துப் பீய்ச்ச வேண்டும். எனக்கு ஒழுகியது.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பெரிய பம்பின் கேம் அறையில் இருக்கும் ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக இருந்தது, டீசல் வாடை. ஃபீட் பம்பின் உள்ளே பிஸ்டனைத் தள்ளும் கம்பி தேய்ந்தால் டீசல் அந்த வழியாகக் கசிந்து ஆயிலில் கலக்கும். இழுவைக் குறைவோடு இதுவும் சேர்ந்து இருந்தால் ஃபீட் பம்பு முடிந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பெரிய பம்பின் பக்கவாட்டில் மூன்று நட்டில் உட்கார்ந்திருக்கும். கழற்றுவதற்கு முன் சுற்றிலும் பிரஷ் போட்டு டீசலால் கழுவிவிடுங்கள், மண் உள்ளே போகக் கூடாது. என் பழைய பம்பைப் பிரித்தபோது பிஸ்டனில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு நீளக் கோடுகள். வால்வும் ஸ்பிரிங்கும் மட்டும் கொண்ட கிட் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். பிஸ்டன் ஓடும் துளையே தேய்ந்த பிறகு கிட் போடுவது வீண். முழு பம்பாகவே வாங்கினேன். காப்பர் வாஷர் எல்லாம் புதுசு போட்டேன். பழைய வாஷரைத் திருப்பிப் போடுகிற வேலையே வேண்டாம், அதில்தான் காற்று நுழையும்.

டைமிங்கை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பாயும் நேரக் கணக்கை, இந்த வேலை தொடவே தொடாது. ஃபீட் பம்பு டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டர் வழியாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலைத் திறக்கிற ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தை உண்டாக்குவது பெரிய பம்பு. எங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடைகளில் இன்னும் அதை மைக்கோ பம்பு என்றுதான் கேட்பார்கள், 2008-இல் அந்தக் கம்பெனி பாஷ் என்று பேர் மாறிய பிறகும். என் வண்டியில் அதில் இன்றுவரை கை வைக்கவில்லை.

ஆனால் இதே வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். கையால் பம்பு அடிக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, திறந்து கிடந்த ஒரு டின்னிலிருந்து டீசலை எடுத்து இரண்டாவது ஃபில்டரின் நடுத்துளை வழியாக ஊற்றி நிரப்பி மாட்டினேன். நடுத்துளை என்பது ஃபில்டர் வடிகட்டிய பிறகு டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பெரிய பம்புக்கும் நாசிலுக்கும் போகும். அன்றைக்கு இது என் மண்டையில் ஏறவில்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை அடித்தேன், பிறகு பெரிய பம்பின் ஸ்க்ரூவில் அடித்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. அன்று சாயங்காலமே லோடோடு பெருமாள் மலை வரை மூச்சு வாங்காமல் ஏறியது.

மறுநாள் காலையில் ஐடிலில், ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது, 'டக், டக், டக்' என்று ஒரு அடி. இரும்புப் பட்டறையில் சின்னச் சுத்தியல் போடுவது போல, ஒரே தாளத்தில். மேட்டில் இழுக்கும்போது இன்னும் கூர்மையானது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வெண்புகையும் வந்தது.

ஒரு பட்டறையில் காட்டினேன். போனெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "ராடு பேரிங் போச்சுண்ணே, எஞ்சின இறக்கணும்" என்றார்கள். இன்னொரு இடத்தில், புது பம்பு போட்டதால் டைமிங் மாறிவிட்டது என்றார்கள். ராடு பேரிங் என்பது எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ராடு கிராங்கில் சுற்றும் இடத்து பேரிங், அது போச்சு என்று சொன்னால் யாருக்கும் வயிறு கலங்கும். கிராங்க் பாலிஷ், பேரிங் செட், இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்தால் எனக்கு இரண்டு மாத வருமானம், அதுவரை வண்டியும் ஓடாது. அன்றிரவு தூக்கமே இல்லை.

என் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டிய வயது. போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆயில் பிரஷர் என்ன காட்டுது தம்பி?"

"சூட்டுலயும் நல்லாத்தான் நிக்குது பாய்."

"அப்ப எதுக்கு அவசரப்படுற? ஒவ்வொரு சிலிண்டரா நிறுத்திப் பாப்போம். எந்த வீட்டுல சத்தம்னு தெரியாம தெருவையே இடிக்கக் கூடாது."

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு முதல் சிலிண்டர் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தினார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் தடுமாறியது, சத்தம் அப்படியே இருந்தது. இறுக்கிவிட்டு இரண்டாவது, அதேதான். மூன்றாவதைத் தளர்த்தியதும் 'டக்' நின்றது. எஞ்சின் ஓட்டத்தில் மற்ற இரண்டுக்கும் வந்த அளவு தடுமாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் சரியாக வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். நான்காவதிலும் சத்தம் மாறவில்லை. பிறகு என் விரலைப் பிடித்து நாலு பைப் மேலும் வைக்கச் சொன்னார். மூன்று பைப்பில் நாடி பார்ப்பது போல ஒரே சீராகத் துடிப்பு. மூன்றாம் பைப்பில் மட்டும் மொத்தையாக ஒரு உதை. அதை விரலில் உணர்ந்தபோதுதான் எனக்கு மனசில் ஒரு தெம்பு வந்தது.

இந்தச் சோதனை செய்யும்போது கவனம் வேண்டும். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். நட்டின் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள், கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள்.

சரி, மூன்றாம் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ராடு பேரிங் போயிருந்தாலும் டீசலை நிறுத்தினால் சத்தம் குறையும். நாசில் கெட்டாலும் குறையும். இரண்டையும் பிரித்தறிய அடுத்த படி ஒன்று உண்டு. முதல் பட்டறையில் அதைச் செய்திருந்தால் எஞ்சின் இறக்கும் பேச்சே வந்திருக்காது. மூன்றாவது நாசிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும் முதலாவதை மூன்றிலும் மாட்டினோம். சத்தம் முதல் சிலிண்டருக்குப் போய்விட்டது! பேரிங் இடம் மாறாது, நாசில் மாறும். இதற்கு ஆன செலவு இரண்டு காப்பர் வாஷரும் ஒரு மணி நேரமும்.

நாசில்களைத் திண்டுக்கல்லில், டீசல் பம்பு, நாசில் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பம்பு ரூமுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் டெஸ்டரில் வைத்து நெம்புகோலை அழுத்தினார். மூன்று நாசில் 'கிர்ர்' என்ற ஒலியோடு பனி மாதிரி தூவின. மிச்சமிருந்த ஒன்று, மூன்றாம் சிலிண்டரில் இருந்த அதே நாசில், சத்தமே இல்லாமல் கோடாக ஊற்றியது, அழுத்துவதை நிறுத்திய பிறகும் நுனியில் சொட்டு. அதைப் பிரித்து, ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடித்தார். நல்ல ஊசி தன் எடையிலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். இது பாதியில் நின்றுவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் காட்டினார், தலைமுடியைவிட மெல்லிய ஒரு கீறல். ஒரு துகள் மண் செய்த வேலை. ஃபில்டரில் நான் ஊற்றிய அந்த டின் ஞாபகத்துக்கு வந்தது.

மற்ற மூன்றும் வேலை செய்தாலும் பழசுதான். நாலுக்கும் புது நாசில் போட்டு ஒரே அழுத்தத்தில் செட் பண்ணச் சொன்னேன். பைப்பையெல்லாம் கழுவி, ஃபில்டர் மறுபடி புதுசு போட்டு, இந்த முறை காலி ஃபில்டரை மாட்டிக் கையாலேயே அடித்து நிரப்பினேன். தோள் வலித்தது, பரவாயில்லை.

அந்த 'டக்' திரும்ப வரவே இல்லை. மெல்லிய 'சிக் சிக்' மட்டும் மிச்சம் இருந்தது. வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம் என்று நினைத்து அதன் இடைவெளியைச் சரியாக வைத்தோம், ஆனாலும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு. காலை குளிரில் கையைக் கிட்டே கொண்டுபோனால் காற்று அடிக்கும். கேஸ்கெட் மாற்றியதும் அதுவும் அடங்கியது. இந்தக் கசிவும் டாப்பெட்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு வருட ஓட்டத்தில் ஃபீட் பம்பு ஒரே ஒரு முறைதான் தொந்தரவு கொடுத்தது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. ஃபீட் பம்பிலேயே இருக்கும் கைப்பம்பின் குமிழை ஃபில்டர் மாற்றியபோது சரியாகத் திருகி மூடாமல் விட்டிருந்தேன், அது வழியாக இரவில் காற்று இறங்கியிருக்கிறது. இறுக்கியதும் சரியானது. கேம் அறை ஆயிலை ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் தொட்டுப் பார்க்கிறேன், பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது. மலை ஏறி இறங்க லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது ஏழரைக்குக் குறையாமல் கொடுக்கிறது. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் கறுப்புப் புகை கொஞ்சம் வரும். அந்த உயரத்தில் காற்று லேசு, டர்போ இல்லாத எஞ்சினில் அது இருக்கத்தான் செய்யும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

போன வாரத்திலிருந்து முன்பக்கம் புதிதாக ஒரு 'உர்ர்' கேட்கிறது. பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டேன், சத்தம் இல்லை. பெல்ட் இல்லாமலே ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றினேன், வழவழப்பாகச் சுற்றியது. வாட்டர் பம்பு ஃபேனைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது. பேரிங் கிட் வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பாயோடு உட்கார வேண்டும்.