கல்லீரல் புற்றுநோய்க்கு குர்குமின் மாத்திரை: விளம்பரம் சொல்வதும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதும்

மாத்திரைக்கு 500 மி.கி. மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள் (மஞ்சளின் நிறமிகளான குர்குமினும் அதன் இனச் சேர்மங்களும்), உறிஞ்சுதலைக் கூட்ட 5 மி.கி. பைப்பரின் (மிளகின் காரப்பொருள்). பல பிராண்டுகளில் கிடைக்கும் வழக்கமான கலவை இது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், ஒரே மாத்திரை ஏறத்தாழ 16 கிராம் தூளுக்குச் சமம். ஆகவே சமையலில் சேர்க்கும் மஞ்சளின் பாதுகாப்பை இதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

‘கல்லீரல் புற்றுச் செல்களைக் கொல்லும்’ என்ற விளம்பர வாசகத்துக்கு ஆய்வக அடிப்படை உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெப்-ஜி2 போன்ற கல்லீரல் புற்றுச் செல்கள் மீது 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவு அலகு) குர்குமினை ஊற்றினால், செல்லைச் சாவிலிருந்து காக்கும் பிசிஎல்-2 புரதம் குறைந்து, சாவைத் தூண்டும் பாக்ஸ் புரதம் கூடுகிறது. செல்லின் ஆற்றல் மையமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசிந்து, புரதங்களை வெட்டும் நொதிகளான காஸ்பேஸ்-9, பிறகு காஸ்பேஸ்-3 விழிக்க, செல் தன்னையே துண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் குர்குமின் தானே ஒளிரும், கரைசலில் நிமிடக்கணக்கில் சிதையும். இவை அளவீட்டைக் குழப்பும் என்பதால், செல் செத்ததா என்பதை நிறமாற்றத்தை மட்டும் வைத்து அளந்த முடிவுகளை நாங்கள் ஏற்பதில்லை. வெட்டுண்ட, அதாவது விழித்துவிட்ட, காஸ்பேஸ்-3-ஐக் காட்டியிருக்க வேண்டும்.

மாத்திரை தோற்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தினம் 8 கிராம், அதாவது 16 மாத்திரைக்கு மேல் விழுங்கியவர்களின் ரத்தத்தில் கிடைத்த உச்ச அளவே சராசரியாக 1.8 மைக்ரோமோலாருக்குள் இருந்தது. குடலிலிருந்து ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். கல்லீரலில் பரவிய கட்டிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு வாரம் தினம் 3.6 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி கல்லீரல் திசுவில் குர்குமின் தென்படவில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதை உடல் எளிதில் வெளியேற்றும் வடிவங்களான குளுகுரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாற்றிவிடுகின்றன.

இந்த மாற்றத்தைத் தடுக்கவே பைப்பரின். 1998-ல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது உறிஞ்சுதல் 20 மடங்கு கூடியது. ஆனால் பைப்பரின் குர்குமினை மட்டும் தனியே தேர்ந்து காப்பதில்லை. மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும் குளுகுரோனைடு இணைப்பையும் சேர்த்தே மந்தமாக்குகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குத் தரும் சோராஃபெனிப் வெளியேறுவது இவ்விரண்டு வழிகளிலும்தான். அதன் ரத்த அளவு ஏறினால் கைகால் தோல் உரிதல், வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகள் கடுமையாகலாம்.

நேரடிக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் என 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்த 10 நோயாளிகளில் 7 பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை இருந்தது. ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். உணவு நிறமியாக குர்குமினுக்கு ஏற்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 3 மி.கி.; 60 கிலோ எடைக்கு 180 மி.கி. ஒரு மாத்திரையே இதைத் தாண்டிவிடுகிறது.

கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பொருளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் பாட்டிலைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின் ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.